கழிவு போக எவ்வளவு?

சனிக்கிழமை காலையில் கியா பார்மில் கார் நகராது. பிரிஞ்சாங்கிலிருந்து ஏறும் சாலையின் இரு பக்கமும் காய்கறி, ஸ்ட்ராபெரி, தேன், பூச்செடி, வேகவைத்த சோளம் என்று கடைகள். கொஞ்சம் தள்ளிப் போனால் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் பிரிஞ்சாங் மலை உச்சிக்கும் திரும்புகிற குறுகிய பாதை. ஈப்போவிலிருந்து நான் மேலே போகும்போதெல்லாம் தங்கையின் கடையில்தான் இறங்குவேன். இந்த முறை நான் இறங்கியபோது அவள் கையிலிருந்த தக்காளிக் கூடையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே. பாப்பா கம்ப்யூட்டர்ல ரெண்டு கிலோ அடிச்சிட்டான்."

கிலோ என்று அவள் சொன்னது ஜிபியை. நாள் முழுக்கத் தராசோடு நிற்பவளுக்கு எந்த அளவும் கிலோதான். படிவம் 6 படிக்கும் அவள் மகளுக்காக 900 வெள்ளி கொடுத்து, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை இணையத்தில் வாங்கியிருந்தார்கள். விளம்பரத்தில் 8 ஜிபி ரேம் என்று போட்டிருந்தது. வந்த கணினியைத் திறந்து அமைப்புகளில் 'இந்தக் கணினியைப் பற்றி' என்ற பக்கத்துக்குப் போனால், நிறுவப்பட்ட ரேம் 8.00 ஜிபி என்று எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் பயன்படக்கூடியது 5.92 ஜிபி என்று காட்டியது.

"ஆறுகூட இல்லைன்னு அதுவே சொல்லுதே மாமா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றாள் பாப்பா. விற்றவருக்குக் கோபமாக ஒரு செய்தியும் தட்டி வைத்திருந்தாள். நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை.

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அவர் கொழுந்து எடுத்தவர். மாலை நிறுவையில் கூடைக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய பனி ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் கிராணி புத்தகத்தில் எடையை எழுதுவார். கழிவே கூடாது என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. கூடைக்கும் எடை உண்டு, தண்ணீருக்கும் எடை உண்டு. எதற்காகக் கழித்தீர்கள், எவ்வளவு கழித்தீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பார், அவ்வளவுதான். காரணம் சொல்லாத கழிவைத்தான் அவர் களவு என்றார். பாப்பாவின் கணினியில் காணாமல் போன 2.08 ஜிபி இதில் எந்த வகை என்று பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திரையில் தெரிந்த இரண்டு எண்களையும் சொன்னது ஒரே வாய் அல்ல.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் தனியாள் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் அடிப்படை மாடலில் 16 கிலோபைட் நினைவகம்தான் இருந்தது. கூடுதலாகச் சில்லுகளைச் செருகினால் கணினி தானாகத் தெரிந்துகொள்ளாது. தாய்ப்பலகையில் வரிசையாகச் சின்னச் சின்ன விசைகள் இருக்கும். பெட்டியைத் திறந்து, பேனா முனையால் அவற்றை மேலும் கீழும் தள்ளி, "உனக்குள் இவ்வளவு நினைவகம் இருக்கிறது" என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். குறைவாகச் சொன்னால் மீதிச் சில்லுகள் சும்மா கிடக்கும். கூடுதலாகச் சொன்னால் தொடக்கச் சோதனையிலேயே பிழை காட்டி நிற்கும். சொன்னதை நம்பத் தொடங்கி, பிறகு சரிபார்க்கும் இயந்திரம் அது.

இன்றைய கணினியில் அந்த விசைகள் இல்லை. அந்த வேலையை ரேம் ஸ்டிக்கே செய்துகொள்கிறது. ஸ்டிக்கின் பச்சைப் பலகையில் பெரிய கறுப்புச் சில்லுகளுக்கு நடுவே கடுகு போல ஒரு குட்டிச் சில்லு உட்கார்ந்திருக்கும். எஸ்பிடி என்பது அதில் உள்ள தகவலின் பெயர். டிடிஆர்4 வகை ஸ்டிக்கில் அதன் கொள்ளளவு மொத்தமே 512 பைட். என் கொள்ளளவு இவ்வளவு, எனக்குள் இத்தனை வரிசை, இத்தனை நிரல், இந்த வேகத்தில் ஓடுவேன், இந்த மின்னழுத்தம் வேண்டும், என்னைச் செய்த நிறுவனம் இது, செய்த வாரம் இது, என் வரிசை எண் இது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். தேயிலை மூட்டையின் மேல் தோட்டத்தின் பெயரையும் எடையையும் அச்சடிப்பதைப் போன்றது இது.

மின்சாரம் வந்ததும் கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ் முதலில் அந்தக் கடுகுச் சில்லைப் படிக்கிறது. படித்ததை ஒரு பட்டியலாக எழுதி வைக்கிறது. விண்டோஸ் 'நிறுவப்பட்ட ரேம்' என்று காட்டுவது அந்தப் பட்டியலில் இருக்கும் எண்ணை. அதாவது அது மூட்டையின் மேல் உள்ள எழுத்து. அடைப்புக்குறிக்குள் வரும் 'பயன்படக்கூடியது' என்பதோ, எல்லோரும் எடுத்துக்கொண்டது போக இயங்குதளத்தின் கைக்கு வந்து சேர்ந்த அளவு. ஒன்று சீட்டு, இன்னொன்று கழிவு போன நிகர எடை. பாப்பா இரண்டையும் ஒரே தராசில் வந்த இரண்டு எடைகளாக எடுத்துக்கொண்டாள்.

5.92 என்ற எண்ணே ஒரு தடயம்தான். அதைப் புரிந்துகொள்ள ரேமுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

ரேம் சில்லில் ஒரு பிட்டைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும். ஐபிஎம்மில் வேலை செய்த ராபர்ட் டென்னார்ட் 1966இல் கண்ட வழி இது. 1968 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கி ஒரு குடம், டிரான்சிஸ்டர் அதன் மூடி. குடத்தில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இன்றைய சில்லில் ஒரு குடத்துக்குள் இருப்பது சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள்தான், அதுவும் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லிவினாடிக்குள் எல்லாக் குடங்களையும் ஒரு சுற்று படித்து, மறுபடி நிரப்பிவிட வேண்டும். அதற்காக அந்த 64 மில்லிவினாடியை 8,192 பங்காகப் பிரித்து, ஏறக்குறைய 7.8 மைக்ரோவினாடிக்கு ஒரு முறை புதுப்பிக்கும் கட்டளை போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் திரையைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அந்த வேலை ஓய்வதில்லை. 8 ஜிபி ரேமில் அப்படி 68,719,476,736 குடங்கள் இருக்கின்றன. இந்த எண்ணைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இதில் மலேசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்தது 1972இல். அன்றைய இன்டெல்லின் முதன்மைச் சரக்கு நினைவகச் சில்லுதான். 1970இல் அது விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற சில்லு 1,024 பிட் கொண்டது. இன்று பத்து காவானில் மைக்ரான் நிறுவனத்தின் ஆலையும் இருக்கிறது. பால்மரக் காட்டிலிருந்தும் தேயிலை மலையிலிருந்தும் இறங்கிப் போய் அந்த ஆலைகளில் நின்று சில்லு சோதித்த பெண்கள் நம் குடும்பங்களில் உண்டு. நமக்குத் தொடர்பில்லாத பொருள் என்று ரேமைத் தள்ளிவைக்க என்னால் முடியாதது அதனால்தான்.

தடயத்துக்கு வருகிறேன். இந்தக் குடங்களைக் கண்டுபிடிக்க முகவரி வேண்டும். முகவரி இரும எண்ணில் இருப்பதால், ஒரு முகவரிக் கம்பி கூடினால் கொள்ளளவு இரட்டிக்கும். அதனால்தான் 2, 4, 8, 16 என்றே ரேம் வளர்ந்தது. புதிய டிடிஆர்5 வகையில் 12, 24, 48 ஜிபி ஸ்டிக்குகளும் வருகின்றன. ஆனால் 5.92 ஜிபி என்று ஒரு ஸ்டிக்கை உலகில் யாரும் செய்வதில்லை. விற்றவர் ஏமாற்றியிருந்தால் திரையில் 4 என்று வந்திருக்கும். ஒழுங்கில்லாத ஓர் எண் வந்தால், சரக்கு முழுதாக வந்து, பிறகு யாரோ அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று பொருள்.

எடுத்துக்கொண்டது யார் என்பதைக் கணினியே சொல்லிவிடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பகுதியில் நினைவகத்தைத் தொட்டால், கீழே சிறிய எழுத்தில் நாலைந்து வரிகள் இருக்கும். வேகம், எத்தனை செருகிடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன, எந்த வடிவம், வன்பொருளுக்கு ஒதுக்கியது எவ்வளவு. பாப்பாவின் கணினியில் அந்தக் கடைசி வரி 2.1 ஜிபி என்று இருந்தது.

அந்த மடிக்கணினியில் தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. படம் வரையும் பகுதி மையச் செயலியோடு ஒட்டியே இருக்கிறது. தனக்கென்று நினைவகம் இல்லாததால், கணினி எழும்போதே பொது ரேமிலிருந்து ஒரு பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஏஎம்டி செயலி உள்ள கணினிகள் பலவற்றில் இந்தப் பங்கு 2 ஜிபி வரை போகும். இன்டெல் செயலியில் பெரும்பாலும் குறைவு, 8 ஜிபி இருந்தால் 7.8 போலக் காட்டும். பயாஸுக்குள் போய்ப் பார்த்தோம். கிராபிக்ஸுக்கான பங்கு 2 ஜிபி என்று இருந்தது. அதை 512 மெகாபைட் ஆக்கிச் சேமித்து, மறுபடி எழுப்பினோம். அடைப்புக்குறிக்குள் 7.42 வந்தது. விளையாட்டோ காணொளித் தொகுப்போ செய்பவருக்கு இந்த மாற்றம் நல்லதல்ல. கட்டுரை எழுதி, இணைய வகுப்பு கேட்கும் பிள்ளைக்குச் சரி. எல்லா மடிக்கணினியிலும் இந்த வசதி இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

பாப்பா அந்தச் செய்தியை அழித்தாள். "நல்ல மனுசனப் போயி திட்ட இருந்தேன்" என்றாள்.

நேர்மையான கழிவுகள் இன்னும் உண்டு. பழைய 32 பிட் விண்டோஸ் போட்ட கணினியில் 4 ஜிபி ரேம் இருந்தாலும் 3.2 போலத்தான் பயன்படும். 32 பிட்டால் எழுதக்கூடிய முகவரிகள் 4,294,967,296. அந்த முகவரிகளில் ஒரு பகுதியைத் திரைக்கும் மற்ற வன்பொருள்களுக்கும் கொடுத்தாக வேண்டும். முகவரி போய்விட்டால் ரேம் இருந்தும் அங்கே போக வழியில்லை. 64 பிட் விண்டோஸ் போட்டால் இந்தக் குறை தீரும்.

ஹார்ட் டிஸ்கின் கதை வேறு. 500 ஜிபி என்று வாங்கியது 465 என்றும், 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்றும் காட்டும். வட்டு செய்பவர்கள் ஜிபியை நூறு கோடி பைட்டாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,073,741,824 பைட்டாக எண்ணுகிறது. ஒரே பெயரில் இரண்டு படி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இலேயே இரண்டாவது படிக்குக் கிபிபைட் (GiB) என்று தனிப்பெயர் வைத்தது. கடைத்தெருவுக்கு அந்தப் பெயர் இன்னும் வந்து சேரவில்லை. அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் மீது இதற்காகவே போட்ட வழக்கு 2006இல் சமரசத்தில் முடிந்தது. ரேமில் இந்தச் சிக்கல் இல்லை. ரேமை எல்லோரும் 1,024 கணக்கில்தான் எண்ணுகிறார்கள். ஆகவே 8 ஜிபி ரேம் வாங்கி 'நிறுவப்பட்டது' 7.45 என்று காட்டுகிறது, அது 1,000 கணக்கு என்று ஒரு கடைக்காரர் விளக்கினால் நம்பாதீர்கள்.

கழிவு என்று சொல்லாமல் கழித்த பெரிய நிறுவனமும் உண்டு. 2014 செப்டம்பரில் என்விடியா வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 970 என்ற கிராபிக்ஸ் அட்டையில் 4 ஜிபி நினைவகம் என்று அறிவித்திருந்தார்கள். சில்லுகளை எண்ணினால் 4 ஜிபி சரியாகவே இருந்தது. ஆனால் வாங்கியவர்கள் தாமே சோதனை நிரல் எழுதி ஓட்டிப் பார்த்ததில் 3.5 ஜிபி வரைதான் முழு வேகம், கடைசி அரை ஜிபி மிக மெதுவாக நகர்ந்தது. 2015 ஜனவரியில் நிறுவனம் அமைப்பு அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டது. முன்பு கொடுத்த விவரப் பட்டியலிலும் பிழைகள் இருந்தன. அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2016இல் வாங்கிய ஒவ்வொருவருக்கும் 30 டாலர் தர முடிவானது. எண்ணிக்கை சரியாக இருந்தும் சரக்கு சரியாக இல்லாத வழக்கு இது. நிறுத்துப் பார்த்தவர்கள் இல்லாவிட்டால் அது வெளியே வந்திருக்காது.

அதே டாஸ்க் மேனேஜர் பக்கத்தில் மற்ற வரிகளையும் பாப்பாவுக்குக் காட்டினேன். செருகிடம் இரண்டில் ஒன்று நிரம்பியிருந்தது. அப்படியானால் உள்ளே இருப்பது ஒரே 8 ஜிபி ஸ்டிக். இன்னொன்று போட இடம் இருக்கிறது என்பது நல்ல செய்தி. வாங்கும்போது '8 ஜிபி இரண்டு' என்று சொல்லி 16 ஜிபி ஒன்று வந்தால் கூட்டுத்தொகை ஒன்றுதான், ஆனால் இரண்டு ஸ்டிக் இரண்டு வழியில் தரவை அனுப்பும், ஒன்று ஒரே வழியில் அனுப்பும். சொன்னது எது, வந்தது எது என்று இதையும் பார்க்க வேண்டும். மெலிந்த மடிக்கணினிகளில் செருகிடமே இருக்காது, ரேம் பலகையோடு பற்றவைத்திருக்கும். அங்கே பிறகு கூட்ட முடியாது.

வேகத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் பலர். 3200 என்று வாங்கியது சில மென்பொருளில் 1600 என்று தெரியும். டிடிஆர் வகை நினைவகம் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முறை தரவை அனுப்பும். துடிப்பு 1600, அனுப்புவது 3200. இரண்டும் ஒரே சரக்குதான். 3200 ஸ்டிக் 2666இல் ஓடினாலும் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். பழைய செயலிக்கு அவ்வளவுதான் முடியும் என்றால் ஸ்டிக் அதற்கு இணங்கி மெதுவாகவே ஓடும்.

16 வாங்கி 8 காட்டினால்? இரண்டில் ஒரு ஸ்டிக் சரியாக உட்காராமல் இருக்கலாம். கியா பார்ம் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். மதியத்திலேயே பனி கடைக்குள் நுழைந்துவிடும். ஸ்டிக்கின் அடியில் உள்ள பொன்னிற முனைகளில் ஈரமும் அழுக்கும் படிந்தால் தொடர்பு அறுந்துபோகும். மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, ஸ்டிக்கை எடுத்து முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்ததும் 'டிக்' என்று பூட்டும் வரை அழுத்திச் செருகிப் பார்க்கலாம். இதைச் செய்யாமலே கடைக்காரரைக் கள்ளன் என்பது நியாயமில்லை.

இதுவரை பார்த்த எல்லாமே சீட்டைப் படித்ததுதான். சீட்டே பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்று பாப்பா கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. பழைய கணினியை விற்பவர் விண்டோஸின் பதிவேட்டில் கைவைத்து, செயலியின் பெயரை மாற்றிக் காட்ட முடியும். போலிக் கைபேசிகளில் இயங்குதளத்தையே திருத்தி, இல்லாத ரேமை இருப்பதாகக் காட்டுகிறார்கள். விற்பவரின் தராசிலேயே நிறுத்துத் திருப்தி அடையக் கூடாது. தங்கையின் கடையில் உள்ள தராசுக்கு 1972ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி முத்திரை உண்டு. கணினிக்கு முத்திரை குத்த யாரும் வருவதில்லை, ஆனால் வெளியிலிருந்து ஒரு தராசைக் கொண்டுபோய் உள்ளே வைக்க வழி இருக்கிறது.

மெம்டெஸ்ட்86 என்பது அப்படி ஒரு தராசு. 1990களில் கிறிஸ் பிரேடி எழுதியது. பிறகு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற திறந்த மூல வடிவமும் வந்தது. அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியை அந்த பென்டிரைவிலிருந்தே எழுப்ப வேண்டும். விண்டோஸ் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும், அதன் பேச்சுக்கு இடமில்லை.

அது செய்வதை ஒரு லயத்தை வைத்துச் சொல்லலாம். லயத்தில் 100 வீடுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையில் 50தான். எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றிலிருந்து நூறு வரை எண் எழுதிய கடிதங்களை அந்தந்த வீட்டில் போடச் சொல்லுங்கள். தபால்காரர் 50 வீடு வரை ஒழுங்காகப் போடுவார். 51ஆவது வீடு என்று ஒன்று இல்லாததால், வரிசை சுற்றி வந்து முதல் வீட்டுக் கதவிலேயே 51ஐப் போட்டு, அங்கே இருந்த 1ஐ எடுத்துவிடுவார். எல்லாம் போட்டு முடித்த பிறகு நீங்கள் முதல் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். 1 இருக்க வேண்டிய இடத்தில் 51 இருக்கும். நினைவகத்திலும் ஒவ்வொரு முகவரியிலும் அந்த முகவரியையே எழுதி, எழுதி முடித்த பிறகு திரும்பி வந்து படிக்கிறார்கள். எழுதியவுடனே படித்தால் பொய் பிடிபடாது. எல்லாவற்றையும் எழுதிய பிறகு படிக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம்.

ரேமில் அளவைப் பொய்யாகச் சொல்லித் தப்பிப்பது கடினம். எஸ்பிடியில் இரண்டு மடங்கு எழுதி வைத்தாலும் இந்தச் சுற்றல் நடந்து கணினி எழும்போதே தடுமாறும். அதனால் ரேம் மோசடி பெரும்பாலும் பழைய பாணிதான். 8 என்று விளம்பரம், உள்ளே 4. மேலே நல்ல நிறுவனத்தின் ஸ்டிக்கர், உள்ளே வேறு. மெம்டெஸ்ட் அளவோடு உடல்நிலையையும் பார்க்கிறது என்பது கூடுதல் பயன். கூகுள் தன் ஆயிரக்கணக்கான சர்வர்களைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகள் ஏதாவது ஒரு பிழையைக் காட்டின. முழு எடையும் வந்து, இலை அழுகியிருந்தால் என்ன பயன்?

மலைக்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி நியூட்ரான்களைத் தெறிக்கவிடுகின்றன. அதில் ஒன்று சில்லில் பாய்ந்தால் ஒரு குடம் கவிழ்ந்து 1 என்பது 0 ஆகலாம். ஐபிஎம்மின் ஜேம்ஸ் ஜீக்லர் 1979இல் இதைக் கணித்து எழுதினார். மேலே போகப் போகத் தலைக்கு மேல் காற்று குறைவதால் இந்த மழை கூடும். 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள அமெரிக்காவின் டென்வர் நகரில் அது கடல்மட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. கியா பார்மும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஆனால் நாம் நிலநடுக்கோட்டின் அருகே இருக்கிறோம். இங்கே பூமியின் காந்தப்புலம் கதிர்களுக்குக் குறுக்கே படுத்துக் கிடப்பதால், டென்வரைவிடக் குறைவான கதிர்தான் உள்ளே நுழையும். ஒரு வீட்டுக் கணினிக்கு இது கவலைப்பட வேண்டிய அளவு அல்ல. இரவு முழுக்கச் சோதனை ஓட்டி ஒரே ஒரு பிழை ஒரே ஒரு முறை வந்தால், மறுநாளும் ஓட்டிப் பாருங்கள். அதே முகவரியில் மறுபடி வந்தால் ஸ்டிக் பழுது.

இரவு மெம்டெஸ்டை ஓடவிட்டோம். காலையில் சோதனை முழுதாக ஓடி முடிந்திருந்தது, பிழை ஏதும் இல்லை. கணினி தேறிவிட்டது என்று மச்சான் மகிழ்ச்சியோடு தேநீர் கொண்டுவந்தார். கையோடு இன்னொன்றையும் கொண்டுவந்தார். "இதுவும் அப்ப வாங்கினதுதான். 2 டிபி. 29 வெள்ளி. அம்மா படமெல்லாம் இதுலதான் ஏத்தி வச்சிருக்கேன்."

பென்டிரைவ். இதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் திரையில் 2 டிபி என்று ஒழுங்காகக் காட்டியது.

பென்டிரைவில் அளவைச் சொல்வது உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு. ரேமைப் போல எழும்போது யாரும் அதைச் சோதிப்பதில்லை. அந்தச் சில்லை 2 டிபி என்று சொல்லப் பழக்கிவிட்டால் கணினி அப்படியே நம்பும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் நினைவகத்தின் தொடக்கத்தில் எழுதப்படுவதால், பெயர் தெரியும், அளவு தெரியும், நாளும் தெரியும். திறந்தால்தான் உள்ளே ஒன்றும் இல்லை என்பது தெரியும். லயத்து வித்தை இங்கேயும் உதவும். ஜெர்மனியின் சி'ட்டி இதழைச் சேர்ந்த ஹரால்ட் பேகெஹோல்ஸ் எழுதிய எச்2டெஸ்ட்டபிள்யூ, மிஷெல் மச்சாடோ எழுதிய எஃப்3 ஆகிய இலவச நிரல்கள் வட்டில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடுகின்றன. வினாடிக்கு 30 மெகாபைட் வேகத்தில் 2 டிபி முழுவதையும் எழுதவே 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முழுவதும் தேவையில்லை. படங்களைத் தொடாமல், மீதி இடத்தில் எழுதவும் இல்லாமல், முதலில் உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். முதல் சில கோப்புறைகள் திறந்தன. பிறகு ஒரு காணொளி பாதியில் நின்றது. அதற்குப் பின் ஏற்றிய எதுவும் திறக்கவில்லை.

திறந்தவற்றைக் கணினிக்கு நகலெடுத்த பிறகு சோதனை நிரலை 100 ஜிபிக்கு மட்டும் ஓட்டினோம். 29 ஜிபிக்குப் பிறகு எழுதியது ஒன்றும் திரும்பி வரவில்லை. அது ஒரு 32 ஜிபி பென்டிரைவ்.

கைபேசி விளம்பரத்திலும் இதற்குப் பக்கத்து வீட்டு வேலை ஒன்று நடக்கிறது. '16 ஜிபி ரேம்' என்று பெரிதாகப் போட்டு, கீழே பொடி எழுத்தில் '8 + 8' என்று இருக்கும். இரண்டாவது எட்டு, படமும் பாட்டும் சேமிக்கும் இடத்திலிருந்து கடனாக எடுத்தது. உண்மை ரேம் பதில் சொல்ல நூறு நானோவினாடி என்றால், சேமிப்புச் சில்லுக்கு அதைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஆகும். ரேமையும் சேமிப்பையும் 'மெமரி' என்று ஒரே சொல்லால் சொல்லிச் சொல்லி நாம்தான் இந்த வாசலைத் திறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும். ஆர்டர் செய்யும்போது ரேம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

எழுத்து எதற்கு என்றால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. பொய்யான விவரிப்பு 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விளம்பரப் பக்கத்தின் படம், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி, வரிசை எண் தெரியும் திரைப்பிடிப்பு, சோதனை முடிவு இவ்வளவும் கையில் இருந்தால் பேச்சு நீளாது. மச்சானிடம் எதுவும் இல்லை. விளம்பரம் காணாமல் போயிருந்தது. விற்ற ஆள் இந்த நாட்டில் இருக்கிறாரா என்பதற்கும் அடையாளம் இல்லை.

"படம் எல்லாம் போச்சா?" என்று தங்கை கேட்டபோது கடையில் யாரும் பேசவில்லை.

மச்சான் சட்டைப் பையிலிருந்து பழைய கைபேசியை எடுத்தார். திரை விரிசல் விட்டிருந்தது. "இதுல இருந்துதான் ஏத்தினேன். இடம் இல்லைன்னு நாளைக்கு எல்லாத்தையும் அழிக்கலாம்னு இருந்தேன்."

பாப்பா அதை அவர் கையிலிருந்து வாங்கி, கணினியில் செருகினாள். நகல் எடுத்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. பிறகு ஒரு நோட்டை எடுத்து, கைபேசியில் எத்தனை கோப்பு, மொத்தம் எத்தனை பைட் என்று ஒரு வரியில் எழுதினாள். கணினியில் எத்தனை என்று அடுத்த வரியில் எழுதினாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. அப்படியும் விடாமல் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு படத்தில் நின்றாள். முதுகில் கூடையோடு அம்மா, நிறுவை மேடைக்கு முன்னால், தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.